உப்புத் தண்ணி ஊரில் மீன் வளர்ப்பு: பாலக்கோட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இரண்டடித் தொட்டி வாங்கி, வீட்டுப் போர் தண்ணீரை நிரப்பி, அன்றைக்கே கடையிலிருந்து மூன்று கோல்டு ஃபிஷ், ஆறு நியான் டெட்ரா, நான்கு கப்பி, டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீன் ஒன்று வாங்கி விட்டிருக்கிறார். பத்து நாளுக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. "எங்க தண்ணியில ஃபுளோரைடு இருக்குன்னு சொல்றாங்களே அண்ணா, அதனாலதானா? இந்தத் தண்ணியில மீன் வளர்த்து, குஞ்சு எடுத்து, கொஞ்சம் விற்கவும் முடியுமா?" இதுதான் கேள்வி.

முடியும் தம்பி. எந்த மீன் என்பதை மட்டும் உங்கள் தண்ணீர் முடிவு செய்யட்டும். கடைக்காரரும் வேண்டாம், யூடியூப்பும் வேண்டாம்.

முதலில் ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் அது அதிகம் என்பது உண்மைதான். பல கிராமங்களில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவே தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் கால்சியம் நிறைய உள்ள கடின நீரில் ஃபுளோரைடின் நச்சு மீனுக்குக் குறைவாகத்தான் ஏறும். நம்முடைய போர் தண்ணீரில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை உப்பைப் பார்த்தாலே தெரியும். பத்து நாளில் பாதி மீன் செத்தால் முதல் சந்தேகம் அம்மோனியா மேல்தான் விழ வேண்டும்.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுதான் உண்டாகிறது. பழகிய தொட்டியில் ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அவ்வளவு ஆபத்தில்லாதது, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை கிடையாது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும் புதுத் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது இதனால்தான்.

நம் ஊரில் இது இன்னும் கடுமையாவதற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கொடிய விஷம். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான் அந்த விஷ வடிவில் இருக்கும். பி.எச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதே அளவு அழுக்குக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம்! வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். நம் போர் தண்ணீரின் பி.எச் பெரும்பாலும் 7.5-க்கு மேல்தான் நிற்கிறது. ஆகவே பி.எச் குறைந்த, மென்மையான தண்ணீர் உள்ள ஊர்க்காரர் புதுத் தொட்டியில் மீனை விட்டுத் தப்பிக்கலாம், நாம் தப்பிக்க முடியாது. தொட்டியைப் பழக்காமல் மீன் விடுவதை இந்த இரண்டு மாவட்டத்தில் யாருமே செய்யக்கூடாது என்பேன்.

பழக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மீன் இல்லாமலே தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு வாருங்கள். அது அழுகி அம்மோனியா தரும், அதைத் தின்னப் பாக்டீரியா வரும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குவது, அலங்காரக் கல்லும் பிளாஸ்டிக் புதையல் பெட்டியும் வாங்குவதைவிட நல்ல செலவு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். குறுக்குவழி ஒன்று இருக்கிறது: நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரம் காயாமல் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் வையுங்கள். வேலை பாதிக்கு மேல் முடிந்த மாதிரி. அப்புறம் அந்த ஸ்பாஞ்சை எப்போது கழுவினாலும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிடித்தால் பாக்டீரியா எல்லாம் செத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது உங்கள் மீன்கள். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். உப்பே இல்லாத, சற்று அமிலத்தன்மையான தண்ணீரில் பிறந்தது. அதை நம் போர் தண்ணீரில் விட்டால் சில நாள் தாங்கும், நன்றாக இருக்காது, குஞ்சு நிச்சயம் கிடைக்காது. கோல்டு ஃபிஷ் கடின நீரைத் தாங்கும், ஆனால் வளர்ந்தால் ஆறு, ஏழு அங்குலம் வரும், கழிவும் அதற்கேற்ப. இரண்டடித் தொட்டியில் பிடிப்பது ஐம்பது லிட்டர் சொச்சம்தான். அதில் மூன்று கோல்டு ஃபிஷ் என்பது நடக்காத காரியம். டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அழுக்காக்குவது அதிகம். ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டில் பல ஏரிகளில் அது பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

மிச்சமிருப்பது கப்பி. உங்கள் தண்ணீருக்குப் பொருத்தமான மீனைத் தெரியாமலே வாங்கிவிட்டீர்கள். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட் டெயில் ஆகிய நான்கும் குட்டி போடும் மீன்கள், நான்கும் கடின நீரை விரும்புபவை. மோலி கொஞ்சம் உப்புச் சுவையுள்ள தண்ணீரில்கூடச் சந்தோஷமாக இருக்கும். மென்மையான நீர் உள்ள ஊரில் மோலி இடத்திலேயே நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும், அங்கே வளர்ப்பவர்கள் உப்பு சேர்த்துச் சமாளிக்கிறார்கள். நமக்கு அந்த வேலை மிச்சம். ஆர்.ஓ தண்ணீர் ஊற்றினால் மீன் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனி ஆர்.ஓ தண்ணீரில் இந்த மீன்கள் வாடிப்போகும். ஆர்.ஓ மெஷினிலிருந்து வெளியே போகும் கழிவு நீரும் வேண்டாம், அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும்.

போர் தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக ஊற்றவும் வேண்டாம். ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு கூடுதலாகவும் இருக்கும். ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்பின் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஒரு நாள் விட்டுவிட்டால் அது சரியாகிவிடும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடு என்றால் அது காவிரி நீர், போரைவிட மென்மை, ஆனால் குளோரின் கலந்தது. அதையும் ஒரு நாள் காற்று விட்டு வைத்து, அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு விட்டுப் பயன்படுத்தலாம். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஒரு வாரம் போர், மறுவாரம் காவிரி என்று மாற்றி மாற்றி ஊற்றினால் மீனுக்கு அதுவே பெரிய அதிர்ச்சி.

வாரத்துக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம்: சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவை மறுபடி போர் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டு வந்தால் இரண்டு மாதத்தில் டி.டி.எஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். ஆகவே வற்றியதை ஈடுகட்ட மட்டும் மழைநீரோ ஆர்.ஓ நீரோ ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும்போது வழக்கமான போர் நீர்.

சரி, குஞ்சு எடுப்பதற்கு வருவோம்.

கப்பியில் ஆண் சிறியது, வண்ண வால் உள்ளது. பெண் பெரியது, நிறம் மங்கல். வயிற்றுக்கடியில் உள்ள துடுப்பைப் பாருங்கள்: ஆணுக்குக் குச்சிபோல் நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறிபோல் விரிந்திருக்கும். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கில் விடுங்கள். ஆண் அதிகமானால் துரத்தித் துரத்தியே பெண்ணை ஓய்த்துவிடும். ஐம்பது லிட்டர் தொட்டிக்கு இரண்டு ஆண், ஐந்து பெண் தொடக்கத்துக்குப் போதும். கூட்டம் தானாகவே பெருகும்.

சினைக்காலம் ஏறக்குறைய மூன்றிலிருந்து நான்கு வாரம். பெண்ணின் பின்வயிற்றில் உள்ள கரும்புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும், நாள் நெருங்கும்போது வயிறு வட்டமாக இல்லாமல் கீழே பெட்டி மாதிரிச் சதுரமாகத் தெரியும். முதல் ஈற்றில் பத்துக்குள்தான் குஞ்சு வரும், நன்கு வளர்ந்த பெண் முப்பது, நாற்பது என்று போடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸில் அடைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்தச் சின்ன இடத்தில் பெண் மிரண்டு, சில சமயம் குறைப்பிரசவமே ஆகிவிடும். அதற்குப் பதில் பதினைந்து, இருபது லிட்டர் பிடிக்கும் டப் ஒன்றில் பழகிய தொட்டியின் தண்ணீரை ஊற்றி, ஹைட்ரில்லா மாதிரி நீர்ச்செடியை அடர்த்தியாக மிதக்கவிட்டு, சினை மீனை மட்டும் மாற்றுங்கள். குஞ்சுகள் பிறந்ததும் செடிக்குள் ஓடி ஒளியும். பிறகு தாயை எடுத்துவிடுங்கள், பெற்ற குஞ்சையே தின்னும் மீன் அது. ஏரிச் செடி என்றால் வெளிர் ரோஜா நிறம் வரும் அளவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் பத்து நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் தும்பிப் புழுவும் சேர்ந்து வரும். ஒரு தும்பிப் புழு ஒரு ஈற்றுக் குஞ்சையே காலி செய்துவிடும்.

கப்பிக் குஞ்சு பிறந்த அன்றே தின்னும். தீனியை விரலால் மாவாக நுணுக்கி, ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அதோடு ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் வகையைப் பொரித்துக் கொடுத்தால் வளர்ச்சியே வேறு மாதிரி இருக்கும். லிட்டருக்கு 25 கிராம் அளவில் கல்லுப்பு கரைத்த நீரை வெட்டிய பாட்டிலில் ஊற்றி, ஆர்டீமியா முட்டை சிறிதளவு போட்டு, அடியிலிருந்து காற்றை நன்றாகவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். நம் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் நிறப் பூச்சிகள் வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அவற்றை உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். வேகவைத்த முட்டை மஞ்சள் கருவும் கொடுப்பார்கள், கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும். சாக்கடையில் அரிக்கும் டியூபிஃபெக்ஸ் புழு பக்கமே போக வேண்டாம். கொசுப்புழு மீனுக்கு அருமையான தீனிதான், ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கிவைத்தால் டெங்கு சோதனைக்கு வருபவர்களிடம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும், அது நியாயமும்கூட.

குஞ்சு டப்பில் தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். தீனியைக் கூட்டுவதைவிட இதுதான் வளர்ச்சிக்கு அதிகம் உதவும்.

நல்ல ரகம் எடுக்க வேண்டுமென்றால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். கப்பிப் பெண் ஒருமுறை கூடினால் அந்த விந்தை உடம்புக்குள் மாதக்கணக்கில் சேமித்துவைத்து ஈற்று மேல் ஈற்று போடும். கலப்புத் தொட்டியிலிருந்து வாங்கிய பெண்ணை நீங்கள் எவ்வளவு அழகான ஆணோடு விட்டாலும், பிறக்கும் குஞ்சுக்கு அப்பா யார் என்று சொல்ல முடியாது. அதனால் குஞ்சுகள் நான்கு வார வயதை நெருங்கும்போதே தினமும் கவனித்து, துடுப்பு குச்சியாக நீளத் தொடங்குபவற்றை வேறு டப்புக்கு மாற்றிவிடுங்கள். மூன்று மாதத்தில் ஆண்களின் நிறம், வால் எல்லாம் தெளிவாகத் தெரியும், அப்போது உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். பிளாட்டியும் ஸ்வார்ட் டெயிலும் ஒன்றோடொன்று எளிதில் கலக்கும், ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். மோலிக்குக் கீரைத் தீனி அவசியம். மொட்டைமாடித் தொட்டியில் வளரும் பச்சைப்பாசியே அதற்குப் பாதிச் சாப்பாடு, வேகவைத்த பசலைக்கீரையும் கொடுக்கலாம்.

முட்டையிடும் மீன் எதையாவது அடுத்துப் பழக ஆசை வந்தால் சீப்ரா டேனியோவில் தொடங்குங்கள். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து நம் நாட்டு மீன், முரட்டுத் தாங்குதிறன். சின்னத் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அரை அடி தண்ணீர் விட்டு, சாயங்காலம் ஒரு பெண்ணையும் இரண்டு ஆணையும் விட்டால் விடியும் நேரத்தில் முட்டையிடும். முட்டைகள் குண்டுகளுக்கு இடையில் விழுந்துவிடுவதால் பெற்றோர் தின்ன முடியாது. காலையிலேயே பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பொரியும். இந்தக் குஞ்சு ஊசி முனையளவுதான், ஆர்டீமியாகூட முதலில் வாயில் நுழையாது. முன்கூட்டியே வாழைப்பழத்தோலைத் தண்ணீரில் போட்டு வெளிச்சத்தில் நான்கைந்து நாள் வைத்தால் உண்டாகும் நுண்ணுயிர்த் தண்ணீர்தான் முதல் வார உணவு. ஃபைட்டர் மீனும் எடுக்கலாம், நுரைக்கூடு கட்டி ஆணே முட்டையைக் காக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் குஞ்சு ஆண்கள் வளர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும். நூறு பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்ற வீட்டில் ஆள் இருந்தால் இறங்குங்கள்.

வெயில் காலத்தில் தருமபுரியில் தொட்டி நீர் 32, 33 டிகிரி தாண்டும்போது மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் திருப்பிவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கதையே நேரெதிர். மார்கழி இரவில் குளிர் ஏறும், ஐம்பது லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்று தேவைப்படும். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் உதவும். அது இல்லாத அன்றைக்கு, அரை மணிக்கு ஒருமுறை மக்கில் மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினால் சமாளிக்கலாம். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள்.

நோய் என்று வந்தால் பெரும்பாலும் வெள்ளைப்புள்ளி. ரவை தூவின மாதிரி உடம்பெல்லாம் இருக்கும். வெப்பத்தை மெதுவாக 29, 30 வரை ஏற்றி, லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, காற்றைக் கூட்டி, பத்துப் பன்னிரண்டு நாள் தொடருங்கள். புள்ளி மறைந்ததும் நிறுத்தக்கூடாது, ஏனென்றால் ஒட்டுண்ணி நீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும், தோலுக்குள் இருக்கும்போது சாகாது. வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி படர்ந்தால் அது வேறு, பாக்டீரியா வேலை, அதற்குச் சூடு ஏற்றினால் இன்னும் வேகமாகப் பரவும். கடையில் தரும் நீல மருந்தை (மெத்திலீன் ப்ளூ) முக்கியத் தொட்டியில் ஊற்றாதீர்கள், பாடுபட்டுப் பழக்கின பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். புது மீன் எதுவானாலும் இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். பெரும்பாலான நோய் கடைப் பையில்தான் வீட்டுக்கு வருகிறது. பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு டப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக முக்கால் மணி நேரம் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். வெளியூர்த் தண்ணீரிலிருந்து நம் உப்புத் தண்ணீருக்கு வரும் மீனுக்கு இந்த நிதானம் கட்டாயம்.

கடைசியாக, விற்பனை. கலப்புக் கப்பியைக் கடைக்காரர்கள் சொற்ப விலைக்குத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் எல்லோரிடமும் அது இருக்கிறது. ஒரே ஒரு ரகத்தைச் சுத்தமாக வைத்திருப்பவரைத் தேடி வருவார்கள். முதல் வருஷத்தில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள். மாடியில் சிமென்ட் தொட்டி கட்டுவதாக இருந்தால், புதுச் சிமென்ட்டின் சுண்ணாம்பு போகும்வரை வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, பல முறை மாற்றி இறைத்துவிட்டே மீன் விட வேண்டும். மீன்கொத்திக்கும் பூனைக்கும் வலை கட்டாயம். பெரிதாகச் செய்ய நினைத்தால், 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லை அலங்கார மீன் வளர்ப்புக்கு மானியம் சேர்க்கப்பட்டது: பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். இப்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேளுங்கள். போச்சம்பள்ளி பக்கம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது, பயிற்சி பற்றி அங்கேயும் விசாரிக்கலாம்.

நமக்குச் சந்தை இரண்டு பக்கம்: சென்னை கொளத்தூர், இந்தப் பக்கம் பெங்களூரு. அனுப்புவதற்கு முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பைக்குள்ளேயே கழிவு சேர்ந்து அம்மோனியா ஏறும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன், இரண்டு ரப்பர் பேண்டு, தெர்மோகோல் பெட்டி, ராத்திரி பஸ். பகல் வண்டியில் ஏப்ரல், மே மாதங்களில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.